பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து

வாங்க தம்பி, வாங்க. செருப்ப வெளியவே உட்டுடுங்க. கதவ நானே தொறக்கறனுங்க, இந்தப் பூட்டுக்கு ஒரு பக்குவம் இருக்குது. சாவிய உள்ள உட்டு, சித்த மேல தூக்கிப் புடிச்சுத்தான் திருப்போணும். உங்களுக்கு அப்பறம் சொல்லித் தர்றேன். மொதல்ல ஊட்டப் பாருங்க.

சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது. குடி வெக்கறதும் வெக்காததும் என்ர பொறுப்புன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. உங்களுக்கு முன்னால நாலு பேரு வந்து பாத்தாங்க. நாலு பேரையும் வேண்டாம்னு தாட்டி உட்டுட்டேன். ஒருத்தனுக்கு வாய் நெறையப் பாக்கு. ஒருத்தன் நான் பேசறப்பவே போன நோண்டறான். இன்னொருத்தன், சரி உடுங்க. நீங்க பாங்கில வேலைன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். கையெழுத்துக்கு மதிப்புத் தெரிஞ்ச ஆளு. உக்காருங்க. அந்தச் சேருல வேண்டாம், அது ஆடும்.

என்னத்தப் பாக்கறீங்க, சுவத்துலயா? உலக மேப்புங்க அது. கழட்ட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அந்தச் செவப்பு நூலு போற வழியெல்லாம் இந்த ஊட்டுக்காரங்க போற வழி. புருசனும் பொண்டாட்டியும் ஒரு வருசம் உலகத்தச் சுத்தப் போயிருக்காங்க. சிரிப்பு வருதுல்லங்க? எனக்கும் வந்துச்சு. இப்ப வர்றதில்ல. எங்கூட்டுல இருந்தும் ஒரு ஆளக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்ர ஊட்டுக்காரிய. ஆமாங்க, துளசிமணி. இருங்க, ஒழுங்கா மொதல்ல இருந்து சொல்றேன்.

நான் நாச்சிமுத்து. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா முப்பத்திரண்டு வருசம் இருந்து ரிட்டையர் ஆனவன். டைம் கீப்பர்னா என்னன்னு இந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தெரியாது. வண்டி உள்ள வந்த நேரம், வெளிய போற நேரம், ரெண்டையும் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு விசில் ஊதுனாத்தான் டிரைவர் கியர்லயே கை வெப்பான். மதுரை, திருச்சி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம், அத்தன ஊருக்கும் சனத்தத் தாட்டி உட்டது நானு. பிரயாணத்தப் பத்தி எனக்கு வந்து ஒருத்தன் சொல்லித் தரோணுமா?

ஒரு நிமிசம் கூட்டியோ கொறைச்சோ எழுதுனதில்லீங்க. கீழ் ஊட்டுல கனகராசுன்னு ஒருத்தன், பழைய டிரைவரு. ஒரு நாளு அவன் பொண்ணுக்குக் காய்ச்சலு, ஆஸ்பத்திரியில சேத்துப்போட்டு ஓடியாந்தான். எட்டு மணி வண்டி. நாலு நிமிசம் லேட்டு. "அண்ணா, எட்டுன்னே போட்டுக்குங்கண்ணா"ன்னு கையப் புடிச்சான். எட்டு நாலுன்னு எழுதினேன். அவனுக்கு மெமோ வந்துச்சு. பதினாலு வருசமா என்ர மொகத்தப் பாக்க மாட்டான். பாக்காட்டிப் போறான். நேரம்னா நேரம்.

சரி, இவங்க கதைக்கு வர்றேன். வாத்தியாரு பேரு கிருபாகரன், பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டரு. அந்தம்மா ஜெயசீலி, நர்சு. நாங்க சிஸ்டர்னுதான் கூப்படறது. ரெண்டு பேரும் ஒரே வருசத்துல ரிட்டையர். போன பொங்கலன்னிக்கு எங்கூட்டுக்கு வந்தாங்க. நான் கரும்பு கடிச்சிட்டு இருக்கேன். வாத்தியாரு சொல்றாரு, "நாச்சிமுத்து சார், நாங்க ஒரு வருசம் உலகத்தச் சுத்தலாம்னு இருக்கோம்."

"எதுக்குங்க?"

"பாக்கத்தான் சார்."

"பாத்து?"

"பாத்துட்டு வந்துருவோம்."

எப்படிப் பதிலு பாருங்க. அறுபது வயசுங்க ரெண்டு பேத்துக்கும். நான் கரும்பச் சப்பித் துப்பிட்டு வேற பேச்சுக்குப் போயிட்டேன். துளசிமணி பொங்கல் வெச்சிட்டு இருந்தவ, கரண்டியக் கையில புடிச்சிட்டு அப்படியே நின்னுட்டா. "எந்தெந்த ஊருங்க சிஸ்டர்?"னு கேட்டா. அன்னிக்கே எனக்கு மூக்கு வேர்த்திருக்கோணும். எங்க வேர்த்துச்சு!

அப்பறம் ஆரம்பிச்சுது பாருங்க ஒரு கூத்து. ஒரு ஆளுக்கு ஒரு பை, ஏழு கிலோ. ஒரு வருசத்துக்கு அவ்வளவுதானாம். அதுக்குப் பழகோணும்னு, கெளம்பறதுக்கு மூணு மாசம் முன்னாலயே மத்த துணிமணி, ஏனம் பாத்திரம், எல்லாத்தையும் மூட்டை கட்டி அந்தச் சின்ன ரூமுல போட்டுப் பூட்டிட்டாங்க. சொந்த ஊட்டுலயே ஒறம்பரைக்கு வந்த விருந்தாளிங்க மாதிரி ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளரு. சிஸ்டரு ரெண்டே சுடிதார மாத்தி மாத்திப் போட்டுட்டு மாடிப்படி ஏறி எறங்கறாங்க. முதுகுல பை. பைக்குள்ள என்னன்னு நெனைக்கறீங்க? அரிசி. கனம் பழகோணுமாம்! பத்துத் தடவ மேல, பத்துத் தடவ கீழ. ரேசன் அரிசிக்குக் கூடக் கொழுப்பெடுத்த காலம்னு நான் சத்தமாவே சொன்னேன். அந்தம்மா சிரிச்சிட்டே போறாங்க. ரோசம்னு ஒண்ணு இருக்கோணுமில்லீங்க?

அந்த பிரிட்ஜுக் கதவப் பாருங்க, இன்னும் பேப்பரு ஒட்டியிருக்குது. தண்ணி, கக்கூசு, நன்றி. இந்த மூணு வார்த்தையும் பன்னெண்டு பாசையில. தின்னுட்டுத் தண்ணி குடிச்சிட்டுக் கக்கூசு போறதுக்கு இங்க என்ன கொறச்சலு? நன்றி சொல்லறதுக்குச் சீமைக்குப் போகோணுமா?

எல்லாத்துக்கும் மேல உருளைக்கெழங்குக் கதை இருக்குது, அதக் கேளுங்க. குளிர் நாட்டுக்கெல்லாம் போறாங்கல்ல, குளிருக்குப் பழகறதுக்கு இந்த வாத்தியாரு கண்டுபுடிச்ச வழி. அவருகிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் மேட்டுப்பாளையத்துல கெழங்கு வெக்கற குளிர் குடோனு வெச்சிருக்கான். அங்க போயி, மூட்டைகளுக்கு நடுவுல சேரு போட்டு, குல்லாவும் சொட்டரும் மாட்டிட்டு ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்தாங்க. விதைக்கெழங்காட்ட! ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். மூணாவது நாளுதான் தெரியுது, அங்க ரெண்டு சேரு போடல, மூணு சேரு போட்டிருக்காங்க. எங்கூட்டுக்காரியும் போயிருக்கா. மார்க்கெட்டுக்குன்னு சொல்லிட்டுப் போனவ. கேட்டா, "நல்லாச் சில்லுன்னு இருந்துச்சுங்க"ங்கறா. ஒரு தப்புப் பண்ணுன மொகமே இல்ல.

நான் அப்பவும் என்ன நெனச்சேன்? பொம்பளைக்குப் பொழுது போகல, பக்கத்து ஊட்டுக் கூத்தப் பாக்கப் போறான்னு நெனச்சேன். பருப்புப்பொடி இடிச்சுக் குடுத்தா. பூண்டுப்பொடி இடிச்சுக் குடுத்தா. ஏழு கிலோவுல ரெண்டு கிலோ எங்கூட்டுப் பொடிதான். சாயங்காலமானா இந்த மேப்பு முன்னால வந்து நின்னுக்குவா. மாடிப்படி ஏறி எறங்க ஆரம்பிச்சா. முழங்காலு வலிக்கு நல்லதுன்னு சிஸ்டரு சொன்னாங்கன்னா. நம்பினேன். பாத்திரம் வெளக்கறப்ப ஏதோ முணுமுணுப்பா, மந்திரம் சொல்றான்னு நெனச்சேன். என்னன்னு ஒரு நாளு காதக் குடுத்துக் கேக்கறேன், வியட்நாம் பாசையில தண்ணி கேட்டுப் பழகிட்டு இருக்கறா!

வாத்தியாரு மேல எனக்கு ஒரு மரியாதையும் இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. என்ர அனுபவத்துக்கு மதிப்புக் குடுத்தாரு. பஸ்ஸுல எந்தப் பக்கம் வெயிலு அடிக்கும், பின் சீட்டுல ஏன் உக்காரக் கூடாது, வண்டி நிக்கற எடத்துல எத்தன நிமிசத்துக்குள்ள ஏறோணும், எல்லாம் நான் சொல்லச் சொல்ல நோட்டுல எழுதிக்கிட்டாரு. "நீங்க எந்த ஊருக்கெல்லாம் போயிருக்கீங்க சார்?"னு கேட்டாரு. "தாட்டி உடறவனுக்கு எங்கீங்க நேரம்?"னேன். அதையும் எழுதிக்கிட்டாரு.

போகாதது உண்மைதானுங்க. வருசா வருசம் குடும்பத்துக்குன்னு ஓசி பஸ் பாஸ் குடுப்பாங்க. துளசிமணி கேப்பா, ராமேஸ்வரம் போலாமுங்க, கடலு பாக்கோணுமுங்கன்னு. கடல்ல என்ன இருக்குது? தண்ணி. அதுவும் உப்புத் தண்ணி, குடிக்க ஆகாது. அடுத்த வருசம் பாக்கலாம்னு பாஸ டிராயர்ல போட்டு வெப்பேன். தேதி போயிரும். நான் பஸ் ஸ்டாண்டுல இல்லைன்னா வண்டியெல்லாம் கண்டபடி போகுமே, யாரு பாக்கறது? அதச் சொன்னா அவளுக்குப் புரியும்னு நெனச்சேன். ரிட்டையர் ஆகறப்ப அந்த டிராயரக் காலி பண்ணுனாங்க. முப்பத்தொரு பாஸ். ஒண்ணுகூடக் கிழியாம புதுசாட்ட இருந்துச்சு. ஊட்டுக்குக் கொண்டு வந்து வெச்சேன். அவ எடுத்துப் பாத்துட்டு, மறுபடி அடுக்கி ரப்பர்பேண்டு போட்டு வெச்சா.

அப்பறம் பாஸ்போர்ட்டு விசாரிக்க ஒரு ஏட்டையா வந்தாரு. வாத்தியாருக்கும் சிஸ்டருக்கும் பழைய பாஸ்போர்ட்டு காலாவதி ஆயிருந்துச்சு. இவங்க இன்ன மாதிரி ஆளுங்கன்னு அக்கம்பக்கத்து ஊட்டுக்காரங்க ரெண்டு பேரு கையெழுத்துப் போடோணும், அதுதான் நடைமுறை. என்ரகிட்ட வந்தாரு.

"எத்தன வருசமாத் தெரியும்?"

"பதினோரு வருசம், நாலு மாசம்."

"ஆளுங்க எப்படி?"

"நல்லவங்கதானுங்க. மறை மட்டும் கொஞ்சம் கழண்டிருக்குது."

"அத எழுத இதுல எடமில்லீங்க சார்"னு சிரிச்சாரு. பேனாவத் தொறந்து, நேரம் தேதியெல்லாம் போட்டு, கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பெருமைதானுங்க, ஏன் மறைக்கோணும்? ரிட்டையர் ஆகி அஞ்சு வருசம் கழிச்சும் என்ர கையெழுத்து இல்லாம இவங்களால உலகத்தச் சுத்த முடியலையே!

இருவது நாளு கழிச்சு அதே ஏட்டையா மறுபடி வர்றாரு. நான் வாசல்லயே நிறுத்தி, "அவங்களுதுதான் முடிஞ்சுதேங்க"ன்னேன்.

"அவங்களுக்கில்லீங்க சார். உங்கூட்டுக்கு. துளசிமணி, வயசு அம்பத்தாறு."

நான் சொன்னேன், "ஏனுங்க ஏட்டையா, ஆளு மாறிருக்கும். அவ தனியா ரோட்டத் தாண்ட மாட்டாளுங்க. காந்திபுரத்துல உட்டா ஊடு வந்து சேர மாட்டா. இங்கிருந்து யாரும் எங்கயும் போறதா இல்ல, அப்படியே எழுதிக்குங்க."

அவரு என்னைய ஒரு பார்வ பாத்தாரு. "அந்தம்மா நேத்து ஸ்டேசனுக்குத் தனியாத்தான் சார் வந்தாங்க. ரெண்டு பஸ்ஸு மாறி வந்ததாச் சொன்னாங்க."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிருச்சு. "நான் கையெழுத்துப் போட மாட்டேன், பாத்துக்குங்க"ன்னேன்.

"உங்க கையெழுத்து வேண்டியதில்லீங்க சார். நீங்க ஊட்டுக்காரரு, உங்களுது செல்லாது. பக்கத்து ஊட்டுக்காரங்க ரெண்டு பேரு போதும்."

எதிர்க்கதவத் தட்டினாரு. வாத்தியாரு போட்டாரு. ஏட்டையா கீழ போனாரு. கனகராசு போட்டான். என்ர கண்ணு முன்னால, என்ர ஊட்டுல இருந்து, என்ர கையெழுத்து இல்லாம ஒரு ஆளத் தாட்டி உட ஏற்பாடு நடக்குது. நான் லுங்கியக் கட்டிட்டு வாசல்ல நிக்கறேன்.

அவ வந்தா. நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன்னு உங்ககிட்டச் சொல்ல முடியாது, நல்ல வார்த்தை இல்ல. மூணு மாசம், வியட்நாம் வரைக்கும் அவங்க கூடப் போயிட்டு வந்துருவாளாம். செலவுக்கு அவ பிளவுசு தைச்சுச் சேத்த காசாம். எல்லாம் பொறுமையாக் கேட்டுட்டு ஒரே ஒரு பேச்சுப் பேசினா. "ஊருச் சனத்தையெல்லாம் நேரத்துக்கு அனுப்பி வெச்சீங்க. என்னைய ஒரு நாளு அனுப்பி வெச்சீங்களா?" நாக்கப் புடுங்கற மாதிரிக் கேட்டாளுங்க. அதுக்கப்பறம் அவ கெளம்பற வரைக்கும், நாப்பது நாளு, நான் பேசவே இல்ல. நான் எறங்கிப் போற ஆளில்லைன்னு அவளுக்கும் தெரியட்டும்.

ஆவணி மாசம் கெளம்புனாங்க. இங்கிருந்து நாகப்பட்டினத்துக்குப் பஸ்ஸு, அங்கிருந்து கப்பலு, யாழ்ப்பாணம். காலையில எட்டே கால் வண்டி. நான் வழியனுப்பப் போகல. சும்மா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன், டீக்கடைக்குப் பின்னால நின்னேன். வண்டிய நேரத்துக்கு எடுக்கறானான்னு பாக்கத்தான். ஏழு நிமிசம் லேட்டு! கேக்க நாதியில்ல. ஜன்னலோரத்துல துளசிமணி உக்காந்திருந்தா. நான் வாத்தியாருக்குச் சொன்ன அதே சீட்டு, வெயிலு படாத பக்கம். டைம் கீப்பர் ரூமையே பாத்துட்டு இருந்தா. உள்ள யாரோ புது ஆளு குனிஞ்சு எழுதிட்டு இருந்தான். வண்டி திரும்பற வரைக்கும் அந்த ரூமத்தான் பாத்தா. டீக்கடைப் பக்கம் ஒரு தடவ திரும்பியிருந்தா... திரும்பல. சரி, போச்சு.

டீ குடிக்கறீங்களா? நானே போடறேன். நல்லா இருக்காது. சக்கரை எத்தனைன்னு எனக்கு இன்னும் புடிபடல.

ஞாயித்துக்கெழமையானா போன்ல பேசி அனுப்புவா. நான் பதில் அனுப்பறதில்ல. மொத வாரம் வந்துச்சு பாருங்க, அதுல ஒரு வார்த்தை இல்ல. அலைச் சத்தம் மட்டும். ரெண்டு நிமிசம் பதினோரு செகண்டு. நானும் போன்ல ஏதோ கோளாறுன்னு திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன். கோளாறு இல்ல, சத்தம் அவ்வளவுதான். தெனமும் ஒருக்கா போட்டுப் பாப்பேன், சரியாயிருச்சான்னு.

போன வாரம் பேசி அனுப்பியிருக்கா. "சிஸ்டரு ஜப்பானுக்கும் வரச் சொல்றாங்க. கூடவே போயிட்டு ஆவணியில அவங்களோடயே வந்துரலாம்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு. பாருங்க தைரியத்த! கடல் பாத்தாச்சுல்ல, வந்து சேர வேண்டியதுதானே? அந்த மேப்புல ஜப்பான் எங்க இருக்குதுன்னு நேத்துப் பாத்தேன். நம்மூர்ல இருந்து ஒரு சாண் தூரம் இருக்குதுங்க. என்ர கையில ஒரு சாண். ஊட்டுல பேசறதுக்கு ஆளில்லாம, டிவி போட்டு அதையத் திட்டிட்டு இருக்கேன்.

அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன். நான் ஊரு சுத்தப் போகல, தப்பா நெனைக்காதீங்க. எனக்கென்ன கொழுப்பா? போயி, அவளக் கூட்டிட்டு வரோணும், அவ்வளவுதான். அப்படியே ஒரு நாளு, ரெண்டு நாளு அங்க இருக்க வேண்டி வந்தா இருக்கறது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுட்டேன். இந்த வாரம் ஏட்டையா வருவாரு. அக்கம்பக்கத்துல ரெண்டு கையெழுத்து வேணும்.

இந்தக் கட்டடத்துல மொத்தமே நாலு ஊடு. கீழ ஒண்ணு, ஆறு மாசமாப் பூட்டிக் கெடக்குது. இன்னொண்ணு கனகராசு. முந்தாநாளு போயிக் கதவத் தட்டினேன். பதினாலு வருசத்துல மொதத் தடவ. விசயத்தக் கேட்டான். "எட்டு மணி நாலு நிமிசத்துக்கு வாங்கண்ணா, போட்டுத் தர்றேன்"னான். நின்னேன். வேற என்ன பண்றது? நின்னேனுங்க. அப்பறம் அவனே, "துளசியக்காவுக்காகப் போடறேன், உங்களுக்கில்ல"ன்னு சொன்னான். ஒண்ணு ஆச்சு.

இன்னொண்ணு இந்த எதிர் ஊடுதானுங்க. நீங்க இன்னிக்கே பெட்டிய எடுத்துட்டு வந்துருங்க. உங்கூட்டம்மா மெதுவா வரட்டும். இந்தாங்க சாவி. அட்வான்சு, அது இதெல்லாம் வாத்தியாருகிட்டப் பேசிக்கலாம், அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

ஏட்டையா ரெண்டு கேள்வி கேப்பாரு. ஆளு எப்படின்னு கேப்பாரு. நல்லவன்னு சொல்லோணும்னு இல்லீங்க. இந்நேரம் வரைக்கும் கேட்டுட்டு இருந்தீங்க, உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. எத்தன நாளாத் தெரியும்னு கேப்பாரு. அதுதான் சங்கடம். நீங்க வந்தது பத்து இருவதுக்கு, இப்ப மணி பதினொண்ணு இருவத்தஞ்சு. ஒரு மணி நேரம் அஞ்சு நிமிசம். அத எழுதுனா அவங்க ஏத்துக்க மாட்டாங்க. கையப் புடிச்சுக் கேக்கறேன் தம்பி. ஒரு வருசம்னே போட்டுக்குங்க.